பேச்சை மீட்கும் பணி

நுழையும்முன்

நினைத்ததைச் சொல்லிவிடுவது எளிய செயல் என்றே தோன்றுகிறது. மூச்சு, குரல்வளை, நாக்கு, செவி, மூளை ஆகிய அனைத்தும் ஒரு நொடிக்குள் ஒத்திசைந்தால்தான் ஒரு சொல் பிறக்கும் என்பது, அவற்றுள் ஒன்று பிசகும்போதுதான் தெரியவருகிறது. பிசகிய இடத்தைக் கண்டறிந்து பேச்சை மீட்டுத் தருவோர் பேச்சுச் சிகிச்சையாளர்கள். அவர்களது பணியையும் அப்பணிக்குரிய கல்வியையும் இப்பாடம் விளக்குகிறது.

காக்கையும் தாத்தாவும்

நான்கரை வயதுச் சிறுமி ஒருத்தி சுற்றுச்சுவரைக் காட்டி, "தாத்தா வந்திருக்கு" என்கிறாள். சுவரில் அமர்ந்திருப்பது காகம். வீட்டில் உள்ளோர் சிரிக்கின்றனர். மழலை என்று மகிழ்கின்றனர். பள்ளியில் சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. உடன் பயிலும் பிள்ளைகள் அவள் பேசுவதைப் போலப் பேசிக் காட்டுகின்றனர். சிறுமி மெல்ல மெல்ல வாய் திறப்பதையே குறைத்துக்கொள்கிறாள். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார் பாட்டி. நாக்கு அடியில் ஒட்டியிருக்கலாம், அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அண்டை வீட்டார்.

இத்தகைய குழந்தையைக் காணும் பேச்சுச் சிகிச்சையாளர் முதலில் அவளது நாக்கைப் பயிற்றுவிப்பதில்லை. அவளது செவியைச் சோதிக்கிறார். மேசையில் இரு படங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று காகம், மற்றொன்று முதியவர். சிகிச்சையாளர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, சிறுமி படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவள் பிழையின்றிக் காட்டினால் இரண்டு ஒலிகளின் வேறுபாடு அவளுக்குக் கேட்கிறது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தடுமாறினால் கேட்டல் திறனை அளவிடாமல் அடுத்த அடி எடுத்துவைக்க இயலாது.

ககரம் பிறக்க நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தின் பின்பகுதியைத் தொட வேண்டும். தகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். இச்சிறுமி நாக்கின் பின்புறத்தால் செய்ய வேண்டியதை நுனியால் செய்கிறாள். அவ்வளவே! ஒலிகளின் பிறப்பிடத்தை இவ்வாறு பகுத்துக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாவதை விளக்குகிறது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகும் அந்த இயலின் பொருள், பேச்சுச் சிகிச்சையாளருக்கு நாள்தோறும் பயன்படும் அறிவாக இருக்கிறது.

இனிப் பயிற்சி தொடங்குகிறது. நாக்கின் நுனியைத் தட்டைக் குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டு ஒலிக்கச் செய்தால், நுனி எழ வழியின்றி நாக்கின் பின்பகுதி தானே எழுகிறது. மல்லாந்து படுக்கவைத்தும் இதே பயனைப் பெறுவதுண்டு. ஒலி தனியே வந்த பிறகு, மீண்டும் அதே இரு படங்கள். இம்முறை சிறுமி கேட்கிறாள்; சிகிச்சையாளர் எடுத்துக் கொடுக்கிறார். காகத்தை வேண்டி அவள் "தாத்தா" என்றால் முதியவர் படமே கிடைக்கும். தான் சொன்னதற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டை அவளே உணர்கிறாள். "தப்பாகச் சொல்கிறாய்" என்று நூறு முறை சொல்வதைவிட இது வலிமையானது.

ஒரே மௌனம், பல காரணங்கள்

மேற்கண்ட சிறுமியின் சிக்கல் ஓர் ஒலியளவில் நின்றது. இரண்டு வயது நிறைந்தும் சொல் எதுவும் பேசாத குழந்தையின் நிலை வேறு. பொதுவாக ஒரு வயதையொட்டி முதற்சொல்லும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரு சொல் தொடர்களும் வரத் தொடங்கும். வாராதபோது, "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்னும் ஆறுதல் பல வீடுகளில் கேட்கும். சில குழந்தைகளின் வகையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தையின் வகையில் உண்மை என்பதைச் சோதிக்காமல் எவராலும் கூற இயலாது.

பேசாத குழந்தைக்குக் காது கேளாமல் இருக்கலாம். அறிவு வளர்ச்சி தாமதப்பட்டிருக்கலாம். பிறருடன் கண்ணோடு கண் நோக்கி உறவாடுவதில் இடர்ப்பாடுடைய ஆட்டிசம் இருக்கலாம். சொற்களை அறிந்தும் நாக்கையும் உதட்டையும் வரிசையாக இயக்கும் கட்டளை மூளையிலிருந்து சரிவர வாராமலிருக்கலாம். வெளியே தெரிவது ஒரே மௌனம். உள்ளே உள்ள காரணங்கள் வேறுவேறு. ஒன்றுக்கு உரிய பயிற்சி மற்றொன்றுக்குப் பயன்படாது. வீட்டில் இரு மொழிகள் பேசுவதே காரணம் என்று கருதித் தாய்மொழியைக் கைவிடும் பெற்றோரும் உளர். இருமொழிச் சூழல் பேச்சைக் கெடுப்பதில்லை; தமக்கு நன்கு வாராத மொழியில் பெற்றோர் பேச முயல்வதால் குழந்தை கேட்கும் பேச்சின் வளம்தான் குறைகிறது.

செவித்திறன் குறைவு எனின், காலம் மிகப் பெரிய பொருளாகிறது. ஒலியைப் பகுத்துணரும் நரம்புப் பாதைகள் குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளிலேயே விரைந்து உருவாகின்றன. அதனால்தான் பிறந்த குழந்தைக்கே செவிச்சோதனை செய்யும் வழக்கம் வளர்ந்துவருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுடைய குழந்தைகளுக்கு உட்செவியில் காக்லியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடும் என்று எண்ணுவது தவறு. அதன் செவிக்கு அதுவரை இல்லாத ஒலிகள் வந்து குவிகின்றன. அவை எவற்றின் ஒலிகள் என்பது அதற்குத் தெரியாது. குக்கரின் விசில் எது, அம்மாவின் அழைப்பு எது என்று பிரித்தறிவதில் தொடங்கி, சொல்லும் தொடருமாக முன்னேற வேண்டும். அறுவை மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் முடிகிறது. சிகிச்சையாளரின் பணியும் தாயின் பணியும் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீள்கின்றன. வாரத்தில் ஓரிரு மணி நேரமே சிகிச்சையாளரிடம் இருக்கும் குழந்தை, எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது! ஆதலால் காய் நறுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் எப்படிப் பேச வேண்டும் என்று தாய்க்கும் பிறர்க்கும் கற்றுத்தருவது பயிற்சியின் பாதி எனலாம்.

அறிவு உண்டு, சொல் இல்லை

பாரிசு நகரையொட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்த ஒரு நோயாளி, எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றே விடையளித்தார். பிறர் சொல்வதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். கையசைவால் கருத்தைத் தெரிவிக்கவும் முயன்றார். 1861ஆம் ஆண்டு அவர் இறந்த பின், பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். 1874இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு மாறான ஒரு நிலையை விளக்கினார். அந்நோயாளிகள் தடையின்றிப் பேசினர். ஆனால் பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் அவர்களுக்கு விளங்கவில்லை. பேச்சு நாக்கில் மட்டும் இல்லை என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு கற்றது.

மூளைப் பாதிப்பால் மொழி சிதைவதைப் பேச்சிழப்பு அல்லது அஃபேசியா என்பர். பக்கவாதம் வந்தோரிடம் இதனைப் பரவலாகக் காணலாம். குடும்பத்தின் வரவுசெலவை நேற்றுவரை நடத்திய ஒருவர், இன்று மகளின் பெயரைச் சொல்ல இயலாமல் திணறுகிறார். சுற்றியிருப்போர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்கின்றனர். அல்லது செவிடர் என்று எண்ணி உரக்கக் கத்துகின்றனர். அவர் முன்னிலையிலேயே, அவரைக் கேளாமலே, நிலத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசி முடிக்கின்றனர். அறிவு கெடாமலிருக்க, சொல் மட்டும் கைவிட்டுப்போன மனிதருக்கு நேரும் இழிவு இது. நோயைவிட இது அவரை மிகுதியாக வருத்தும்.

சிகிச்சையாளர் இங்கு எஞ்சியிருப்பதைத் தேடுகிறார். பெயர் சொல்ல இயலாதவர் சிலரால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிகிறது. கிழமைகளை வரிசையாகச் சொல்ல முடிகிறது. ஒரு சொல் பேச முடியாத மூதாட்டி, தாம் பலமுறை பாடிய தாலாட்டை எடுத்துக் கொடுத்தால் சொற்களோடு தொடர்ந்து பாடிவிடுவதும் உண்டு. கண்டோர் வியக்கும் இந்நிகழ்வைக் கொண்டே, இன்றியமையாத தொடர்களை இசைநயத்தோடு சொல்லவைத்துப் பின்னர் இயல்பான பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சிமுறை ஒன்று 1970களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. எல்லோருக்கும் அது பயன் தராது. பேச்சு மீளாதோருக்குப் படப்பலகை, சைகை, கருவி என வேறு வழிகள் அமைக்கப்படுகின்றன. சென்னையில் உருவாக்கப்பட்ட 'ஆவாஸ்' என்னும் செயலி அத்தகையது; படங்களைத் தொட்டால் அது குரல் கொடுக்கும்.

குடும்பத்தாருக்கும் சில பயிற்சிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று விடை சொல்லத்தக்க வினாக்களைக் கேட்க வேண்டும். கேட்டபின் காத்திருக்க வேண்டும். புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டக் கூடாது. இவற்றுள் காத்திருப்பதே எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது.

புரையேறுதல்

பேச்சுச் சிகிச்சையாளர் நோயாளிக்கு ஒரு கரண்டி நீர் கொடுத்து, அவரது கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பதைக் கண்டோர், பேச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வியக்கலாம். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை ஆகியவையே கருவிகள். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. உணவு மூச்சுக்குழாயைக் கடந்து உணவுக்குழாய்க்குள் செல்கிறது. வழி தவறினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம்மிடையே வழக்கம். நலமுள்ளவருக்கு இருமலே காவலாகிறது. பக்கவாதம் வந்தவர் சிலருக்கு அந்த இருமலும் வருவதில்லை. உணவுத் துளிகள் ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. அது உயிரைப் பறிக்கவும் கூடும்.

இந்நிலையில் அன்பே தீங்காவதுண்டு. பசித்திருப்பாரே என்று இரக்கப்பட்டு, படுத்திருக்கும் நோயாளியின் வாயில் நீரை ஊற்றுகின்றனர் உறவினர். நீர்த்த பொருளே பாதுகாப்பானது என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் நீர் விரைந்து ஓடுவதால், தளர்ந்த தொண்டை மூடிக்கொள்ளும் முன்பே வழிதவறிவிடும். நோயாளிகள் பலருக்கு நீரைவிடக் கெட்டியான கூழ் பாதுகாப்பானது. நிமிர்ந்து உட்காரவைப்பதா, முகவாயைத் தாழ்த்தி விழுங்கச் செய்வதா, எந்தப் பதத்தில் எவ்வளவு கொடுப்பது என்பனவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சிகிச்சையாளர் வரையறுக்கிறார். விழுங்கியபின் குரல் நீர் தேங்கியதுபோல் ஒலிக்கிறதா என்று செவிகூர்ந்து கேட்கிறார். ஐயம் இருப்பின், பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து அதன் போக்கை எக்சு கதிர்ப் படமாகக் காணும் ஆய்வு மேற்கொள்ளப்படுகிறது.

பிற பணிகளும் உள. அண்ணப் பிளவு அறுவைச் சிகிச்சையால் மூடப்பட்ட பின்னும் காற்று மூக்குவழிக் கசியும் குழந்தைகளுக்கு, அதனை வாய்வழிச் செலுத்தக் கற்றுத்தர வேண்டும். புற்றுநோயால் குரல்வளையை இழந்தவர், உணவுக்குழாய்வழியோ அதிர்வுக் கருவியின் துணைகொண்டோ புதிய குரல் பெறப் பழகுகிறார். ஓயாமல் உரத்துப் பேசிக் குரல்நாணில் முடிச்சு வளர்ந்த ஆசிரியர்களும் கூவி விற்போரும் இவர்களிடம் வருவதுண்டு.

தெரிந்து தெளிவோம்

திக்குவாய் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பெரும்பான்மையான குழந்தைகளிடம் அது நீங்கிவிடுகிறது. அச்சம் அதனை மிகுவிக்கலாம்; ஆனால் அச்சமே அதன் காரணம் அன்று. திக்குபவருக்குச் சொல்லை எடுத்துக் கொடுப்பதும், "மெதுவாகப் பேசு" என்று அறிவுறுத்துவதும் உதவி ஆகா. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் திக்குவாய் உடையவர். அவருக்கு 1926 முதல் பயிற்சியளித்த லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியர், மருத்துவப் பட்டம் பெறாதவர். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பை ஒட்டி மன்னர் வானொலியில் உரையாற்றியபோது லோக் உடனிருந்தார். அந்நாளில் இத்துறை முறையான கல்வியாக இன்னும் நிலைபெறவில்லை.

கற்க வேண்டியவை

இன்று நிலை வேறு. இந்தியாவில் பேச்சுச் சிகிச்சையாளராக விரும்புவோர், மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல், கணிதம் போன்ற பாடமொன்றைப் பயின்று தேர்ந்து, செவியியல் மற்றும் பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று சுருக்கமாக வழங்கும் இப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. மூன்றாண்டுகள் வகுப்பும் மருத்துவப் பயிற்சியும். நான்காம் ஆண்டு முழுமையும் உறைவிடப் பயிற்சி. இதன்பின் பேச்சு மொழி நோயியலிலோ செவியியலிலோ ஈராண்டு முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறலாம். ஓராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. அது உதவியாளர் நிலைக்கு உரியது.

மைசூருவில் 1960களின் நடுவில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையின் முன்னோடி. மும்பையில் 1983இல் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உருவானது. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் முதலியவை இப்படிப்பை வழங்கிவருகின்றன.

பட்டம் பெற்றதும் தொழில் நடத்திவிட இயலாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அப்படியிருந்தும் குறுகிய காலப் பயிற்சியோடு பெயர்ப்பலகை மாட்டுவோர் இல்லாமல் இல்லை. பதிவு எண்ணைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் செவித்திறனைச் சோதிக்காமலே ஓராண்டு பேச்சுப் பயிற்சி அளித்தால், வீணாவது கட்டணம் மட்டும் அன்று; திரும்ப வாராத ஓராண்டும் வீணாகிறது.

பாடத்திட்டத்தில் உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், உளவியல் ஆகியவற்றோடு மொழியியலும் இடம்பெறுகிறது. இதனைச் சிறு பாடமாகக் கருதுதல் கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட நோயாளியின் மொழி தடையாகாது. பேச்சிழப்புக்கோ மொழியே களம். ஆங்கிலக் குழந்தைகளுக்கென அமைந்த சோதனையைத் தமிழில் பெயர்த்துவிட்டால் அது தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. ழகரம் பிந்தி வரும் ஒலி. அது வரவில்லை என்று மூன்று வயதுப் பிள்ளையைக் குறையுடையது எனல் பிழை. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்னும் விகுதி வேறுபாட்டை நோயாளி இழந்துவிட்டாரா என்று சோதிக்க, ஆங்கிலச் சோதனையில் போதிய இடம் இராது.

எழுத்துத் தமிழை மட்டும் அறிந்திருப்பதும் இங்குப் போதாது. "நான் வருகிறேன்" என்று படப்பலகையைப் பார்த்துச் சொல்லப் பழகிய நெல்லைக்காரர், தம் வீட்டில் "வாரேன்" என்று சொல்ல இயலாவிடில் அப்பயிற்சியால் என்ன பயன்? நோயாளியின் ஊரில், அவரது வீட்டில், அவர் வாய்க்குப் பழகிய தமிழ் எதுவோ அதனையே மீட்டுத் தர வேண்டும். ஆகவேதான் தமிழை நுணுகி அறிந்த சிகிச்சையாளர்கள் தமிழகத்துக்குத் தேவைப்படுகின்றனர்.

தேவையின் அளவும் பெரிது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பேச்சுக் குறைபாடு உடையோராகப் பதிவானவர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தான் பட்டியலிட்ட 21 வகைகளுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, நரம்பியல் பிரிவு, சிறப்புப் பள்ளிகள், 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஆகியவற்றில் இவர்களுக்குப் பணி உண்டு. பெருநகரங்களில் உள்ள அளவுக்குச் சிற்றூர்ப் பகுதிகளில் இவர்கள் இல்லை. பயிற்சிக்காக வாரந்தோறும் பேருந்து ஏறிவரும் தாய், ஒருநாள் கூலியையும் இழந்தே வருகிறார்.

காக்கையைத் தாத்தா என்ற சிறுமி, அறைக்குள் படத்தைப் பார்த்துக் "காக்கா" என்று முதன்முறை சரியாகச் சொன்ன நாளோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. தனிச்சொல்லில் வந்த ஒலி தொடரில் வர வேண்டும். தொடரில் வந்தது கதை சொல்லும்போதும் வர வேண்டும். விளையாட்டில், சண்டையில், ஓடிவந்து மூச்சிரைக்க எதையோ சொல்லும் பரபரப்பில், எவரும் நினைவூட்டாமலே அது வர வேண்டும். அவ்வாறு வருகிறது என்று தாயும் வகுப்பாசிரியரும் தெரிவித்த பின்னரே சிகிச்சையாளர் அவளது கோப்பில் இறுதிக் குறிப்பை எழுதுகிறார்.